ரிப்போர்ட்டில் கடைசிக்கு முந்தின வரி

தம்பிக்கு நான் கிட்னி கொடுப்பது என்று முடிவானது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வில்லிவாக்கத்தில் அம்மா வீட்டுக் கூடத்தில், வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே. பெரிய உருக்கமெல்லாம் இல்லை. அவனுக்கு வாரத்தில் 3 நாள் டயாலிசிஸ். அம்மாவுக்கு 71 வயது, சர்க்கரை வேறு. அவன் மனைவிக்கு ரத்த வகை சேரவில்லை. எனக்குச் சேர்ந்தது. “நான் தரேன்டா” என்றேன். “நல்லா யோசிச்சுச் சொல்லுக்கா” என்றான். “யோசிச்சாச்சு. அந்தச் சட்னியை இப்படித் தள்ளு” என்றேன்.

எனக்கு வயது 44. அயனாவரம் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாவதுக்கும் பத்தாவதுக்கும் கணக்கு எடுக்கிறேன். இரண்டு பிள்ளைகள், இரண்டும் சுகப்பிரசவம். சர்க்கரை, பிரஷர் கிடையாது. உடம்புக்கு என்று ஆஸ்பத்திரிப் படி ஏறியதே பிரசவத்துக்குத்தான்.

கொடுக்கிறேன் என்று வாயால் சொன்னால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சந்தையில் மண்பானை வாங்குகிறவர் தட்டித் தட்டிப் பார்ப்பாரே, அப்படி ஒன்றரை மாதம் என்னைத் தட்டிப் பார்த்தார்கள். ரத்தம், எக்கோ, எக்ஸ்ரே, மேமோகிராம், கர்ப்பவாய்ப் பரிசோதனை, இரண்டு கிட்னியும் தனித்தனியாக எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒரு ஸ்கேன். ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைக் கேனில் பிடித்து, அதை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனது தனிக் கதை. எல்லாம் முடிந்து கடைசியாகத்தான் சி.டி. ஆஞ்சியோ. ஒவ்வொரு கிட்னிக்கும் எத்தனை தமனி போகிறது, சிரை எந்த வழியாகத் திரும்புகிறது, கல் கில் இருக்கிறதா என்று அதில் தெரியும். ஆபரேஷன் செய்யப்போகும் சர்ஜனுக்கு அதுதான் ரூட் மேப்.

சி.டி.க்கு முதல் தடவை போகிறவர்களுக்குச் சிலது சொல்லிவிடுகிறேன். புடவையில் போகாதீர்கள். அன்றைக்கு என் மேலிருந்து நான் கழற்றிய ஊக்குகள் 7. எண்ணிப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையின் சமீபத்திய ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். அயோடின் கலந்த மருந்தை ஏற்றுவதால் அதைக் கட்டாயம் கேட்பார்கள். ஆஸ்துமா, முன்பு இந்த மருந்து ஏற்றித் தடிப்பு வந்தது, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுவது, மாதவிலக்கு தள்ளிப்போயிருப்பது, இதில் எது இருந்தாலும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். மருந்து ஏறும்போது தொண்டையில் ஆரம்பித்து அடிவயிறு வரைக்கும் உடம்புக்குள் யாரோ வெந்நீர் ஊற்றுவது போல இறங்கும், வாயில் இரும்பு ருசி தட்டும். படுத்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டோமோ என்று பதறுவீர்கள். கழித்திருக்க மாட்டீர்கள். எனக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, கையைப் பின்னால் விட்டுத் தடவிப் பார்த்ததில் படம் கலைந்து, “அசையாதீங்க மேடம்!” என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து திட்டு வாங்கினேன். கால் மணி நேர வேலை. வெளியே வந்து புரசைவாக்கத்தில் ஒரு இளநீர் குடித்துவிட்டு, மதியம் ஐந்தாம் பீரியடுக்குப் பள்ளிக்கே போய்விட்டேன்.

மறுநாள் சாயங்காலம் ரிப்போர்ட். கவுண்டரில் இருந்த பையன் பெரிய கவரையும் படங்கள் பதிந்த குறுந்தட்டையும் நீட்டி, “டாக்டர்கிட்ட காட்டுங்க மேடம்” என்று மட்டும் சொன்னான். பஸ் வரும்வரை சும்மா இருக்க முடியுமா? நிறுத்தத்தில் நின்றபடியே பிரித்துப் படித்தேன். இரண்டு கிட்னியும் நன்றாக இருக்கின்றன. இரண்டு பக்கமும் ஒற்றைத் தமனி. கல் இல்லை. மனசு லேசானது. கடைசிக்கு முந்தின வரிக்கு வந்தேன். தமிழில் சொன்னால் இப்படி இருந்தது: இடது சினைப்பைச் சிரை 9 மி.மீ. அளவுக்கு விரிந்துள்ளது, தமனிக் கட்டப் படங்களிலேயே அதில் ரிஃப்ளக்ஸ் காணப்படுகிறது, இடுப்புக்குழியில் சிரைகள் சற்றுப் பருத்துள்ளன, பெல்விக் கன்ஜெஷன் சிண்ட்ரோமா என்று நோயாளியின் அறிகுறிகளோடு பொருத்திப் பார்க்கவும்.

ரிஃப்ளக்ஸ் என்றால் எனக்குத் தெரிந்தது நெஞ்செரிச்சல்தான். அது எப்படி ஓவரிக்குப் போனது?

‘பொருத்திப் பார்க்கவும்’ என்ற வார்த்தையைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் 11 நாள் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான். அது டாக்டருக்கு டாக்டர் எழுதும் மொழி. ‘என்னிடம் படம் மட்டும்தான் இருக்கிறது, ஆள் இல்லை, ஆளைப் பார்க்கிற நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்’ என்பதுதான் அதன் பொருள். நான் அதை, ‘நோய் இருக்கிறது, உறுதிசெய்துகொள்’ என்று படித்தேன். ஆஸ்பத்திரியில் எனக்கு அடுத்த அப்பாயின்ட்மென்ட் 11 நாள் கழித்து. போன் செய்து கேட்டதற்கு, “அன்னிக்கு வாங்க, சார் பார்த்துச் சொல்வாரு” என்றார்கள். அந்த 11 நாளும் எனக்கு டாக்டராக இருந்தது என் செல்போன்.

செல்போன் சொன்னது இதுதான். இடுப்புக்குழியில் இருக்கும் சிரைகள் வெரிகோஸ் போலப் புடைத்து ரத்தம் தேங்கினால் அடிவயிற்றில் மந்தமான வலி வரும்; நின்றால் கூடும், படுத்தால் குறையும்; மாதவிலக்குக்கு முன்னால் அதிகமாகும்; 6 மாதத்துக்கு மேல் நீடிக்கும். தப்பில்லை, எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் அதைப் படித்த மூன்றாம் நாளே எனக்கு இடுப்பு வலி வந்துவிட்டது. கரும்பலகை முன்னால் நிற்கும்போது கனத்தது. இருசமபக்க முக்கோணத்தைப் பாதி வரைந்துவிட்டு மேஜையில் சாய்ந்துகொண்டேன். நன்றாக இருக்கிற பையனிடம் நான்கு பேர் போய் “காய்ச்சலாடா?” என்று கேட்டால் அவன் நெற்றி சுடத்தான் செய்யும். 20 வருடமாக நின்றுகொண்டே பாடம் நடத்துகிறவளுக்குச் சாயங்காலம் கால் வலிப்பது புதிதா என்ன? ஆனால் அந்த வாரம் அந்தப் பழைய வலிக்கு ஒரு புதுப் பெயர் கிடைத்திருந்தது.

வீட்டில் விஷயம் கசிந்தது. அம்மாவிடம் “சிரை” என்றேன். அவளுக்குப் புரியவில்லை, நம் ஊரில் ரத்தக்குழாயும் நரம்புதான், நரம்பும் நரம்புதான். “வயித்துல நரம்பு வீங்கியிருக்கா?” என்று கேட்டு, கேட்ட கையோடு பெரியபாளையத்தம்மனுக்கு முடிந்து வைத்துவிட்டாள். மாமியார் வேறு பக்கம் போனார். “பாரும்மா, உன் உடம்பிலேயே கோளாறு இருக்கு. நீ எங்கே அடுத்தவங்களுக்குக் கொடுக்கிறது?” என்றார். அதில் அக்கறையும் இருந்தது, ‘கொடுக்காதே’ என்பதும் இருந்தது. அவரைக் குற்றம் சொல்லவில்லை. இந்தியாவில் உயிரோடு இருந்து உறுப்புக் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒரு மாமியாருக்கு அது கண்ணில் படாமலா இருக்கும்?

தம்பிதான் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, “அக்கா, வேணாம்னா சொல்லிடு, நான் லிஸ்ட்ல வெயிட் பண்ணிக்கிறேன்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி. அதைப் பார்த்ததும், எதுவானாலும் தெரிந்துகொண்டே ஆகவேண்டும் என்று கிளம்பினேன்.

அங்கேதான் ஒரு தப்புச் செய்தேன். அப்பாயின்ட்மென்ட் வரை பொறுக்காமல், தெரிந்தவர் சொன்னார் என்று வேறொரு இடத்துக்குப் போனேன். ஊர், பேர் வேண்டாம். அங்கிருந்த டாக்டர் ரிப்போர்ட்டின் அந்த ஒரு வரியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவே இல்லை. வலி இருக்கிறதா என்று கேட்டார். ‘இந்த வாரமாகத்தான்’ என்று நான் இழுத்ததை ‘ஆமாம்’ என்று எடுத்துக்கொண்டார். தொடை வழியாகவோ கழுத்து வழியாகவோ மெல்லிய குழாய் விட்டு அந்தச் சிரைக்குள் ‘காயில்’ என்கிற சுருள் கம்பியை வைத்து அடைத்துவிடலாம், விட்டால் பின்னால் தொந்தரவு, அதற்கு முன் இன்னொரு தடவை சி.டி. எடுத்துவிடலாம் என்றார். செலவு கிட்டத்தட்ட என் நான்கு மாதச் சம்பளம். பொய்யான சிகிச்சை இல்லை அது. நிஜமாகவே அந்த வலியால் மாதக்கணக்கில் அவதிப்படும் பெண்களுக்கு அதைச் செய்கிறார்கள், பலருக்குக் குறையவும் செய்கிறது. கேள்வி, அது எனக்கு வேண்டுமா என்பதுதான். அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை. அதைவிட வெட்கம், நானும் கேட்கவில்லை.

இன்னொரு சி.டி. என்றதும்தான் கணக்கு டீச்சர் கொஞ்சம் விழித்துக்கொண்டாள். வயிற்றுப் பகுதிக்கு ஒருமுறை சி.டி. எடுத்தால் சுமார் 10 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் எல்லோருக்கும் இயல்பாகக் கிடைப்பது வருடத்துக்கு 2 முதல் 3. எனக்கு எடுத்தது ஒரு கட்டம் மட்டுமில்லை, மருந்து ஏற்றுவதற்கு முன், தமனியில் இருக்கும்போது, சிரைக்கு வந்தபின் என்று பல கட்டம். தம்பிக்காக எடுத்ததில் வருத்தமில்லை. வலியே இல்லாத ஒன்றுக்காக அதையே திரும்ப எடுப்பதா? இந்த ரத்த ஓட்டத்தைப் பார்க்கக் கதிர்வீச்சே இல்லாத டாப்ளர் அல்ட்ராசவுண்ட் இருக்கிறது என்பதும், அதில் மூச்சை அடக்கி முக்கச் சொல்லி ரத்தம் பின்னால் போகிறதா என்று நேரடியாகவே பார்ப்பார்கள் என்பதும் பின்னால் தெரிந்தது. “யோசிச்சுச் சொல்றேன் டாக்டர்” என்று எழுந்து வந்துவிட்டேன்.

பன்னிரண்டாவது நாள் ஆஸ்பத்திரிக்குப் போனதும் கிட்னி டாக்டர் சிரித்தார். “இதுக்கா இத்தனை நாள் தூங்கல? வாங்க, படம் பார்க்கிறவங்களையே கேட்டுடலாம்” என்று கீழ்த்தளத்துக்கு அனுப்பினார். அங்கே ஒரு ரேடியாலஜிஸ்ட், என் வயதுதான் இருப்பார். இருட்டறையில் இரண்டு பெரிய திரை. என் சி.டி.யைப் போட்டு, “உட்காருங்கம்மா, உங்க வயித்தையே சுத்திப் பார்க்கலாம்” என்றார். அந்த இருபது நிமிடத்துக்கு நான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

மவுஸ் சக்கரத்தை உருட்ட உருட்ட, நெஞ்சுக்குக் கீழிருந்து வயிறு வெட்டு வெட்டாக இறங்கியது. மருந்து இருக்கும் குழாயெல்லாம் வெள்ளை, இல்லாதது சாம்பல். நடுவில் காசு போல வெள்ளை வட்டம், மகாதமனி. அதன் முன்பக்கமாக இடது கிட்னியிலிருந்து ஒரு வெள்ளைப் பட்டை குறுக்கே போனது, அது கிட்னியின் சிரை. “இப்ப இங்க பாருங்க” என்று அந்தப் பட்டையின் கீழ் ஓரத்தில் அம்புக்குறியை நிறுத்தினார். அங்கிருந்து ஒரு வெள்ளைப் புள்ளி கிளம்பியது. உருட்ட உருட்ட அந்தப் புள்ளி முதுகுத் தசையின் மேலேயே ஒட்டிக்கொண்டு கீழே, கீழே, இடுப்பு எலும்பு வரை இறங்கிக்கொண்டே போனது. “இதுதான் உங்க இடது சினைப்பைச் சிரை. இப்ப பக்கத்துல இருக்கிற பெரிய சிரையைப் பாருங்க. கால்லேருந்து ரத்தம் மேல வர்ற மெயின் லைன். அது என்ன கலர்?”

சாம்பல்.

“மருந்து ஏத்தி அரை நிமிஷம்கூட ஆகல. கிட்னிக்குப் போன ரத்தம் மட்டும் வேகமா திரும்பி வந்துடும், அதனால அதோட சிரை வெள்ளையா ஆயிடுச்சு. கால்லேருந்தும் இடுப்புலேருந்தும் வர்ற ரத்தத்துக்கு இன்னும் மருந்து வந்து சேரல. அப்போ ஓவரிலேருந்து மேல வர வேண்டிய சிரைல மட்டும் இந்த வெள்ளை எப்படி வந்துச்சு?”

வகுப்பில் நான் கேட்கிற தோரணையிலேயே கேட்டார். “மேலேருந்து கீழே இறங்கியிருக்கு” என்றேன்.

“அவ்வளவுதான். அதுதான் ரிஃப்ளக்ஸ்.”

எனக்கு உடனே எங்கள் வீட்டு போர் மோட்டார்தான் ஞாபகம் வந்தது. ஃபுட் வால்வு தேய்ந்துவிட்டால் மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் ஏறிய தண்ணீர் எல்லாம் சரசரவென்று கீழே இறங்கிவிடும். அதைச் சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். “கரெக்ட்! அதேதான். இனிமே எல்லாருக்கும் இதையே சொல்லிடுறேன்” என்றார். இந்தச் சிரைக்குள்ளும் வால்வுகள் உண்டு. கர்ப்ப காலத்தில் கர்ப்பப்பைக்குப் போய்வரும் ரத்தம் பெருகும்போது இந்தச் சிரைகளின் கொள்ளளவு 60 மடங்கு வரைகூடப் போகும் என்றார். பிள்ளை பிறந்தபின் சுருங்கினாலும் முழுக்கப் பழையபடி ஆவதில்லை. வால்வின் இரண்டு இதழும் ஒன்றையொன்று தொடாமல் நின்றுவிடுகின்றன. சிலருக்குப் பிறவியிலேயே வால்வு இருக்காது. இடது பக்கம் அதிகம், ஏனென்றால் வலது சிரை நேராகப் பெரிய சிரையில் சாய்வாகப் போய்ச் சேர்கிறது, இடது மட்டும் கிட்னிச் சிரையில் செங்குத்தாகப் போய் முட்டுகிறது. “ஆம்பளைங்களுக்கு விதைப்பைல சிரை புடைச்சு வெரிகோசீல்னு வருமே, அதுவும் பெரும்பாலும் இடது பக்கம்தான். இது அதோட அக்கா.” 8 மி.மீ.க்கு மேல் போனால் விரிந்தது என்று பொதுவாக எழுதுவார்களாம். என்னுடையது 9.

அப்புறம் அவர் சொன்னதுதான் என் 11 நாளையும் கேலி செய்தது. இந்தக் கேள்வியை 2001-இலேயே அமெரிக்க ரேடியாலஜி டாக்டர்கள் கேட்டிருக்கிறார்கள். யாரிடம் தெரியுமா? என்னைப் போலவே கிட்னி கொடுக்க வந்த பெண்களிடம். எந்த நோயும் இல்லை என்று தேறியவர்கள், ஆனாலும் வயிறு முழுக்கப் படம் எடுக்கப்பட்டவர்கள். இப்படி ஒரு கூட்டம் வேறு எங்கே கிடைக்கும்? மொத்தம் 34 பேர். அதில் 16 பேருக்கு, அதாவது கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு, இதே மாதிரி விரிந்து பின்னோக்கி ஓடும் சிரை இருந்தது. பிள்ளை பெற்றவர்களில் 100-க்கு 63. பெறாதவர்களில் 100-க்கு 10. யாருக்கும் அதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

34 பேர் என்பது என் எட்டாம் வகுப்பைவிடச் சின்னக் கூட்டம், அதை வைத்து ஊருக்கே சதவீதம் போட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கணக்குக்குள் இருக்கும் விஷயம் பெரியது. வலி உள்ள பெண்களில் பலருக்கு இந்தச் சிரை விரிந்திருக்கிறது. செல்போனில் படித்தது அது. இந்தச் சிரை விரிந்திருக்கும் பெண்களில் பலருக்கு வலி உண்டு. நானாகப் புரிந்துகொண்டது இது. இரண்டும் ஒன்றல்ல. ‘சதுரம் எல்லாம் செவ்வகம்தான், ஆனால் செவ்வகம் எல்லாம் சதுரமா?’ என்று வருடா வருடம் பிள்ளைகளைக் கேட்டு, தப்பாகச் சொன்னவனை நிற்க வைக்கிறவள் நான். அன்றைக்கு நானே நின்றிருக்க வேண்டும்.

அவரிடம் ஒன்று கேட்டேன்: அப்படியென்றால் இதை எழுதாமலேயே விட்டிருக்கலாமே? “எழுதணும்மா” என்றார். கிட்னிச் சிரையே எங்காவது நசுங்கியிருந்தால், அதில் ரத்தக்கட்டியோ பக்கத்தில் ஒரு கட்டியோ அடைத்திருந்தால், அதன் விளைவாகவும் ரத்தம் இந்த வழியாகப் பின்னால் தள்ளப்படலாம். இடது கிட்னிச் சிரை, மகாதமனிக்கும் குடலுக்குப் போகும் தமனிக்கும் நடுவே இருக்கும் சந்துக்குள் நுழைந்து போகிறது. சிலருக்குப் பாக்குவெட்டியில் மாட்டியது போல அங்கே நசுங்கும். அதற்கு ஆங்கிலத்தில் கொட்டை உடைக்கும் இடுக்கியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த இடத்தில் சிரை தாராளமாக இருந்தது, கட்டி இல்லை, சிறுநீரில் ரத்தமும் இல்லை. ஆகையால் நான் சொல்ல வருவது, ரிப்போர்ட்டில் வருவதையெல்லாம் தள்ளிவிடுங்கள் என்பதல்ல. ‘இதற்கு வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டீர்களா?’ என்பது கேட்கவேண்டிய கேள்வி. பார்த்துவிட்டோம், இல்லை என்றால் அப்புறம் உங்கள் உடம்பைக் கேட்க வேண்டும், செல்போனை அல்ல.

உடம்பைக் கேட்கும் வேலையை மகப்பேறு டாக்டரம்மா செய்தார். ரிப்போர்ட்டை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். ரொம்பப் பிடித்திருந்தது அது. ஸ்கேனுக்கு முன்னால், 6 மாதம் பின்னால் போய் யோசியுங்கள் என்றார். அடிவயிறு வலிக்கிறது என்று எத்தனை நாள் மாத்திரை போட்டீர்கள்? லீவு போட்டீர்களா? சாயங்காலமானால் கூடி, படுத்தால் குறைந்ததா? உறவுக்குப் பின் மணிக்கணக்கில் வலித்ததா? பிறப்புறுப்பிலோ உள்தொடையிலோ பின்பக்கத்திலோ நரம்பு சுருட்டிக்கொண்டு தெரிகிறதா? கடைசிக் கேள்விக்கு என் பதிலை நம்பாமல் அவரே பார்த்தார். எல்லாவற்றுக்கும் பதில் இல்லைதான். “ஸ்கேன் எடுத்ததுக்கு அப்புறம் வந்த வலியை நான் கணக்குல சேர்க்க மாட்டேன்” என்றார். கோபம் வரவில்லை, சிரிப்பு வந்தது. அன்றைக்கு வீடு திரும்பும்போது அயனாவரம் சிக்னலில் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியேதான் வந்தேன். இடுப்பு வலிக்கவில்லை.

இந்தக் கேள்விகளில் இரண்டு மூன்றுக்கு ‘ஆமாம்’ என்று பதில் வருகிறவர்கள் இதைப் படித்தால், உங்கள் கதை வேறு. பெண்களின் அடிவயிற்று வலியை ‘இதெல்லாம் சகஜம்’ என்று வருடக்கணக்கில் ஒதுக்கிவைக்கிற வீடுகள் நம்மிடம் நிறைய. படுத்து எடுக்கிற ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலும் போகலாம், நின்றால்தான் தேங்கும். வலியோடு இருக்கிறவர் அதைச் சொல்லி, டாப்ளருக்குக் கேட்டு வாங்க வேண்டும். வலி இல்லாதவருக்கு அந்த வரி, உயரம் எடை மாதிரி ஒரு தகவல். ஒரே வரி, இரண்டு பேருக்கு இரண்டு அர்த்தம்.

சர்ஜனைப் பார்த்தது அதற்கடுத்த வாரம். என் கடைசிப் பயம், இந்தச் சிரையால் என் கிட்னியை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்பது. அவர் காகிதத்தை இழுத்து அவரைக்கொட்டை போல ஒன்று வரைந்தார். இடது கிட்னியைத்தான் பெரும்பாலும் எடுப்போம், அதன் சிரை நீளம், வாங்குகிறவருக்குத் தைக்க வசதி என்றார். அந்தச் சிரையில் வந்து சேரும் கிளைகளைக் கிளிப் போட்டு வெட்டிவிட்டுத்தான் கிட்னியை வெளியே எடுக்க முடியும். மேலே அட்ரினல் சுரப்பியிலிருந்து வருவது ஒன்று. கீழே இருந்து வருவது ஒன்று. கீழே இருந்து வருவதன் மேல் பேனாவால் இரண்டு கோடு குறுக்கே போட்டார்.

“இதுதான் உங்க ரிப்போர்ட்ல வந்த சிரை. எப்படியும் கட் பண்ணத்தான் போறோம். கொஞ்சம் பெருசுங்கிறதால கிளிப்பைப் பார்த்துப் போடணும். அதுக்குத்தான் அந்த வரி எங்களுக்கு வேணும்.”

நான் வாயடைத்துப் போனேன். என் நான்கு மாதச் சம்பளத்தைக் கொடுத்து நான் அடைத்துக்கொள்ளவிருந்த குழாய். “வெட்டிட்டா ஓவரிக்கு?” என்று கேட்டேன். ரத்தம் திரும்ப கர்ப்பப்பைப் பக்கமாக வேறு சிரைகள் இருக்கின்றன, அந்த வழியாகப் போய்விடும் என்றார். “அதுக்காக இதை ட்ரீட்மென்ட்னு நினைச்சுக்காதீங்க. வழியில இருக்கு, வெட்டுறோம், அவ்வளவுதான்.”

இத்தனைக்குப் பிறகு என் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டேன். எந்த ஸ்கேனுக்குப் போனாலும் முதல் பக்கத்தில் இந்த ஸ்கேன் எதற்காக என்று ஒரு வரி எழுதிவிடுகிறேன். ரிப்போர்ட் வந்ததும் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்ததா என்று முதலில் பார்க்கிறேன். கேட்காத கேள்விக்கு வந்த பதில்களைத் தனியாகக் குறித்து வைத்து, ஸ்கேன் எழுதிக்கொடுத்த டாக்டரிடமே கேட்கிறேன், வேறு ஆளிடம் இல்லை. எழுதியவர் ரேடியாலஜிஸ்ட் என்றால் அவரைப் பார்க்கவே முடியாது என்று நினைத்திருந்தேன். கேட்டால் பல இடங்களில் விடுகிறார்கள். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, படங்கள் உள்ள அந்தக் குறுந்தட்டையும் பத்திரமாக வைக்க வேண்டும். திரும்ப எடுக்கச் சொன்னால் முதலில் நீட்ட வேண்டியது அதைத்தான். அப்புறம், வீட்டில் யாரிடம் எப்போது சொல்வது என்பது. இது மருத்துவ விஷயமில்லை, ஆனால் நான் பட்ட பாட்டில் பாதி அதனால்தான். அர்த்தம் தெரியாத ஒரு வரியை நான் அம்மாவிடம் சொல்லியிருக்கவே கூடாது.

உடன்பிறந்தவர்கள் 1994-ஆம் வருடச் சட்டப்படி நெருங்கிய உறவினர் கணக்கில் வருவதால் அனுமதி வாங்குவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. யாராவது வற்புறுத்தினார்களா, பணம் தருகிறேன் என்றார்களா என்று என்னைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டார்கள், வீடியோ எடுத்தார்கள். “உங்களுக்கு ஏதாவது உடம்புப் பிரச்சினை இருக்கா?” என்றதற்கு, “இல்லைங்க” என்றேன். சொல்லும்போது குரல் தடுமாறவில்லை.

ஆபரேஷன் ஆவணியில் நடந்தது. லேப்ராஸ்கோப்பிதான், ஆனாலும் கிட்னியை வெளியே எடுக்க அடிவயிற்றில் ஒரு நீளக் கீறல் உண்டு. தம்பிக்கு மேஜையிலேயே சிறுநீர் இறங்கிவிட்டது என்று நர்ஸ் வந்து சொன்னார். மூன்றாம் நாள் காலை ரவுண்ட்ஸுக்கு சர்ஜன் வந்தபோது, அம்மா நெற்றி நிறைய குங்குமத்தோடு என் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தாள். கிட்னியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“டாக்டர் தம்பி, அந்த வீங்கின நரம்பு?”

“கிளிப் போட்டு வெட்டியாச்சும்மா.”

அம்மாவுக்கு அது போதவில்லை. “வெட்டினது சரி, அப்புறம் அதை எங்கே போட்டீங்க?” என்றாள்.

டாக்டர் மேல் மட்டும் தப்பில்லை, அவர் கூட வந்த பயிற்சி டாக்டர்கள் எல்லோரும்தான் சிரித்தார்கள். நான் தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். தையல் போட்ட வயிற்றோடு சிரிப்பது லேசான காரியம் இல்லை.